ஔவையாய் வந்த சண்முகனார்
(சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



அதியமானைப் பற்றிப் பேசுக என்று செயலாளர் எனக்கு எழுதியிருந்தார். தகடூர் மண்ணில் நின்றுகொண்டு நெல்லிக்கனியின் கதையை நுமக்குச் சொல்லுதல் கொல்லன் தெருவில் ஊசி விற்பதை ஒக்கும். ஆதலின், அக்கனியைப் பெற்ற ஔவையின் உருவை மேடைமீது தாங்கி நின்ற ஓர் ஆடவரைப் பற்றிச் சில சொல்லத் துணிகின்றேன். அவர் தி. க. சண்முகம் என்பார். ஔவை சண்முகம் என்றால் முதியோர் அறிவர். இளைஞர்களோ 1996-ஆம் ஆண்டில் வெளிவந்த 'அவ்வை சண்முகி' என்னும் திரைப்படத்தை அறிவரேயன்றி, அப்பெயரின் வேரை அறியார். அப்படத்தில் நடித்த கமல்ஹாசன் தம் சிறுபருவத்தில் சண்முகனாரின் நாடகக் குழுவில் பயின்றவர்.

இப்பொருளை யான் எடுத்தமைக்குக் காரணம் ஒன்றுண்டு. எம் பள்ளி ஆண்டு விழாவில் ஔவை நாடகம் ஒன்று நடத்தக் கருதி, எட்டாம் வகுப்பில் நல்ல குரல் வாய்ந்த மாணவன் ஒருவனை ஔவையாகத் தேர்ந்தேன். மறுநாட் காலையில் அவன் தந்தையார் வந்தார். அவர் நம் சங்கத்தினர். எனக்கு நெடுநாட் பழக்கமுடையவர். "ஐயா, உங்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் என் மகன் சேலை கட்டிக் கூத்தாட வேண்டுமா? நாளை ஊரில் அவனுக்கு என்ன பெயர் வைப்பார்கள்?" என்றார். யான் அன்று தக்க விடை கூறவில்லை, தடுமாறினேன். இன்று கூறுவது அவ்விடையே. அவரும் இவ்வவையில் இருக்கின்றார்.

சண்முகனார் 1912-ஆம் ஆண்டிற் பிறந்தவர். தந்தையாரும் நடிகரே. 1918-இல், ஆறு வயதுச் சிறுவராய், உடன்பிறந்தாரோடு சங்கரதாஸ் சுவாமிகளின் நாடக சபையிற் சேர்ந்தார். அவர் குரலையும் நினைவாற்றலையும் கண்ட சுவாமிகள், அவர்பொருட்டே 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தைப் பாட்டும் உரையாடலுமாக ஓரிரவில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகம் நன்கறிந்த செய்தி. 1922-இல் சுவாமிகள் மறைந்தார். 1925-இல் உடன்பிறந்தார் நால்வரும் தமக்கெனத் தனிச் சபை தொடங்கினர்.

அக்காலத்து நாடக மேடையின் இயல்பை ஈண்டு அறிதல் வேண்டும். ராஜபார்ட் என்றால் ராஜபார்ட். ஸ்திரீபார்ட் என்றால் ஸ்திரீபார்ட். ஒருவர் எவ்வேடத்திற் புகழ் பெற்றாரோ அவ்வேடத்திலேயே மூப்பெய்துவார். பாய்ஸ் கம்பெனிச் சிறுவர்க்கோ மகரக்கட்டு என்னும் இடர் வேறு. பதினான்கு, பதினைந்து வயதிற் குரல் உடைந்தவுடன், நேற்றுவரை கைதட்டிய ஊர் இன்று மறந்துவிடும். குரலையே முதலாகக் கொண்டோர் பலர் அவ்விடத்திலேயே வீழ்ந்தனர். சண்முகனார் வீழ்ந்திலர். காரணம், அவர் பாட்டை மட்டும் நம்பியவர் அல்லர், சொல்லை நம்பினார். எச்சொல்லை எவ்விடத்தில் நிறுத்த வேண்டும், எதனை விழுங்க வேண்டும் என்பதை அறிந்தவர். இலக்கணம் கற்பிக்கும் எம்போல்வார்க்கு இஃது எளிதாகத் தோன்றும். வகுப்பில் ஒரு பத்தியைப் பிழையறப் படிக்கச் செய்து பார்த்தால் அதன் அருமை புலனாகும்.

பம்மல் சம்பந்த முதலியாரின் மனோகரனாய் வந்து சினமே உருவாய் நின்றார். 'பில்ஹணன்' நாடகத்திலோ இளங்கவிஞர். ஆசானைக் குருடர் என்று அரசகுமாரிக்கும், அரசகுமாரியைத் தொழுநோயினள் என்று ஆசானுக்கும் சொல்லி, இடையே திரை கட்டிவிட்ட கதை அது. முகம் காணாக் காதல் ஆதலின், குரல் ஒன்றே நடிக்க வேண்டும். 1948-இல் அது திரைப்படமாயிற்று. அதிலும் அவரே பில்ஹணன். இத்தகைய காதலரே, முப்பது வயதளவில், கூனிக் கோலூன்றிய மூதாட்டியாகவும் வந்தார் என்பதை எண்ணிப் பாருங்கள்! இளைஞர் அரசனாவது எளிது. முடியும் வாளும் பாதி வேலையைச் செய்துவிடும். நரைத்த தலையும் ஒரு கோலும் எவ்வுதவியும் செய்யா.

அவ்வேடத்தை யான் கண்டேனல்லேன். அவர் 1973-இல் மறைந்தபின் பிறந்தவன் யான். எனக்குக் கற்பித்த முதிய ஆசிரியர் ஒருவர் தம் இளமையிற் கண்டதைச் சொல்லக் கேட்டுள்ளேன். நாடகம் முடிந்து வெளியே வந்த மூதாட்டியர் சிலர், ஆடவர் என்று அறிந்தும், அவரைக் கைகூப்பித் தொழுதனராம்.

இனிக் குறையும் ஒன்று கூறுவேன். புகழ்ச்சி மட்டும் பேசுதல் புலவர்க்கு அழகன்று. மேடையில் நாம் கண்ட ஔவை சங்க காலத்து ஔவை அல்லள். புறநானூற்று 89-ஆம் பாட்டிலே பகைவேந்தன் அவளை மைதீட்டிய கண்ணும் ஒளிபொருந்திய நெற்றியும் உடைய விறலி என்று விளிக்கின்றான். அவள் இளையள், அதியமானோடு கள்ளுண்டு களித்தவள், தொண்டைமானிடம் தூது சென்று, அவன் படைக்கலக் கொட்டிலைப் புகழ்வதுபோற் பழித்த கூர்மதியள். ஆத்திசூடி பாடிய பாட்டி பன்னூறாண்டுகள் பிற்பட்டவள். இவ்விருவரையும் நம் மக்கள் ஒருத்தியாக்கினர். நாடகமும் அம்மக்கள் வழியே நின்றது. தகடூர்க்காரனாகிய எனக்கு இதில் மனக்குறை உண்டு. அந்த விறலியை, நம் கோட்டையிலிருந்து தனித்துத் தூது சென்ற பெண்ணை, எவரேனும் மேடையேற்ற வேண்டும். ஆயினும் அக்குறை நடிகரைச் சாராது. தமக்குக் கிடைத்த பாட்டியை அவர் பழுதின்றித் தாங்கினார். பெண்ணை நகைப்பொருளாக்க ஆடவர் சேலை உடுத்தும் வழக்கம் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. இவர் வேடத்தில் அந்நகைப்பு இல்லை. ஊரார் அவருக்கு வைத்த பெயரும் ஏளனப் பெயர் அன்று. ஔவை என்னும் பெயரை ஓர் ஆடவர் தம் பெயருக்குமுன் வாணாள் முழுதும் பெருமையோடு தாங்கினார். 1971-இல் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. மறுவருடம் வெளிவந்த 'எனது நாடக வாழ்க்கை' என்னும் அவர் நூல் எம் பள்ளி நூலகத்தில் உள்ளது. வேண்டுவோர் என்னிடம் பெற்றுக்கொள்ளலாம். திருப்பித் தருவதாயின் மட்டும்.

மாணவன் தந்தையார் முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றார். அவர் இன்னும் இசைவு தரவில்லை. யானும் வேறு சிறுவனைத் தேடவில்லை. விழாவிற்கு இருபது நாட்கள் உள்ளன. பள்ளியில் மேடை இல்லாமையால், சங்கக் கட்டடத்து மேடையையும் நீலத்திரையையும் ஒத்திகைக்கு மூன்று மாலைகள் தந்துதவுமாறு தலைவர் அவர்களை வேண்டிக்கொள்கின்றேன்.