அழகரின் திருவுள்ளம்



மதுரைக்கு வடகிழக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், அழகர்மலையின் அடிவாரத்தில் எழுந்தருளியிருக்கும் திருமாலிருஞ்சோலைப் பெருமானுக்கு யாதொரு குறையும் இல்லை. நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்று அவன் இருப்பிடம். மலைமேலிருந்து இறங்கிவரும் நூபுர கங்கை அவனுக்குத் திருமஞ்சன நீர். திருமகள் அவன் திருமார்பை விட்டு அகலாதவள். இத்தகையவனுக்கு மாந்தர் கோபுரம் எடுப்பதும், குடமுழுக்குச் செய்வதும், அமுது படைப்பதும் எதன்பொருட்டு? அவன் உள்ளம் இவற்றால் மகிழுமா? அன்றி, மகிழ்ச்சியும் வருத்தமும் அவனுக்கு இல்லையா? இவ்வினாவைத் தொடர்ந்து சென்றால், அதற்கும் முந்திய வினாவொன்று எதிர்நிற்கும். நிறைவே வடிவான இறைவன் மனிதனைப் படைத்தது ஏன்?

படைப்பு இறைவனுக்கு விளையாட்டு என்று பிரம்ம சூத்திரம் கூறுகின்றது. ஏழு தீவுகளையும் ஆளும் பேரரசன் பயன் ஏதும் கருதாது பந்தாடுவதை இதற்கு உவமையாகக் காட்டுவார் ஸ்ரீபாஷ்யகாரராகிய எம்பெருமானார். குறையை நிரப்பிக்கொள்ள எழுந்த செயலன்று படைப்பு என்பதே இதன் கருத்து. ஆனால் பிள்ளையை இழந்த தாயிடம் சென்று, ‘இஃது இறைவன் விளையாட்டு’ என்று கூறினால் அவள் மனம் ஆறுமா? ஆறாது. ஆதலின் அடுத்த சூத்திரம், உயிர்களின் ஏற்றத்தாழ்வு அவரவர் வினையைப் பற்றியது, இறைவனிடம் ஓரவஞ்சனையும் இரக்கமின்மையும் இல்லை என்று விடை பகர்கின்றது. இவ்விடை இறைவன்மேல் வரும் பழியை நீக்குகின்றது. எனினும் அவன் உள்ளத்தைத் திறந்து காட்டவில்லை.

அதனைத் திறந்து காட்டியவர் பராசர பட்டர். அவர்தம் தந்தையாராகிய கூரத்தாழ்வான் சோழ மன்னனால் விளைந்த இடரில் கண்களை இழந்தவர். பின்னர்த் திருமாலிருஞ்சோலையில் தங்கி, புறக்கண்ணால் காணவியலாத அழகரின் தோளழகைச் சுந்தரபாஹுஸ்தவமாகப் பாடியவர். மைந்தராகிய பட்டர் தம் ஸ்ரீரங்கராஜஸ்தவத்தில் படைப்பின் காரணத்தைக் கூறுகின்றார். ஊழிக்காலத்தில் உயிர்கள் அறிவும் செயலும் ஒடுங்கி, உயிரற்ற பொருளுக்கும் தமக்கும் வேற்றுமையின்றிக் கிடந்தன. அந்நிலையைக் கண்டு இறைவன் மனம் நொந்தான். நொந்து உடலையும் பொறிகளையும் அருளினான் என்பது அவர் கூற்று.

கோடையில் வெடித்துக் கிடக்கும் வயலில் எங்கே விதை கிடக்கின்றது, எங்கே மண் கிடக்கின்றது என்று எவர் அறிவார்? கண்மாயின் மடை திறந்து நீர் பாய்ந்த பின்னரே விதை முளைக்கும். நீர் பாய்ந்தால் களையும் முளைக்கும் என்பது உழவனுக்குத் தெரியும். அதற்கு அஞ்சி அவன் மடையை அடைத்து வைப்பதில்லை. கைகளைக் கொடுத்தால் மனிதன் கும்பிடவும் கூடும், களவாடவும் கூடும். அறிந்தே கொடுத்தான் இறைவன். கும்பிடாதிருக்கவும் வல்ல கை கும்பிடும்போதன்றோ அக்கும்பிடு அன்பாகின்றது?

‘மனம் நொந்தான்’ என்ற சொல் சிலருக்குத் தடையாகலாம். இறைவனைப் பசியற்றவன், துயரற்றவன் என்று சாந்தோக்கிய உபநிடதம் கூறுகின்றதே! மாறாக வால்மீகி முனிவரோ, குடிமக்களுக்குத் துன்பம் நேர்ந்தால் அவரினும் மிக வருந்துபவன் இராமபிரான் என்கின்றார். இவ்விரண்டும் எங்ஙனம் பொருந்தும்? வைணவ ஆசாரியர்களிடையே இதுபற்றி இருவகைக் கொள்கை உண்டு. பிறர் துயர் கண்டு தானும் துயருறுதலே தயை என்பர் ஒரு சாரார். பிறர் துயரை நீக்க விழையும் திருவுள்ளமே தயை என்பர் மற்றொரு சாரார். இரு சாராரும் ஒன்றில் உடன்படுவர்: அடியவன் அழும்போது இறைவன் வாளா இருப்பவன் அல்லன். உபநிடதம் விலக்கியது வினையால் வரும் துயரை. அன்பினால் வருவதை அன்று. மனிதன் தன் பொருள் போயிற்றே என்று வருந்துகின்றான். அது குறைவின் பயன். இறைவன் பிறன் நிலை கண்டு இரங்குகின்றான். அது நிறைவின் பெருக்கு. நிரம்பிய ஏரியன்றோ மறுகால் பாயும்?

இதனை நூலால் அறிவதினும் சித்திரைத் திருவிழாவில் கண்ணால் அறிவது எளிது. நூபுர கங்கையில் நீராடிய சுதபஸ் முனிவர், வந்து நின்ற துருவாசரைக் கவனியாமையால் தவளையாகும் சாபம் பெற்று வையைக்கரையில் காத்திருந்தார். அவருக்கு விமோசனம் அளிக்கவே அழகர் மலையிறங்கி வருகின்றார் என்பது கோயில் வரலாறு. மக்கள் வழங்கும் கதை வேறு. தங்கை மீனாட்சியின் திருமணத்திற்குச் சீர்வரிசையோடு புறப்பட்ட அண்ணன், தாம் வருமுன்னரே மணம் முடிந்ததறிந்து, சினந்து, மதுரை நகருக்குள் நுழையாமல் வண்டியூருக்குத் திரும்பினார் என்பது அது. தனித்தனியே நடந்த இரு விழாக்களைத் திருமலை நாயக்கர் காலத்தில் இணைத்தனர் என வரலாற்றார் கூறுவர். இணைந்த விழாவுக்கு மக்கள் தம் உள்ளத்தினின்றும் எடுத்துக் கொடுத்தது ஓர் அண்ணனின் கோபம். இஃது அறியாமையன்று. உறவில்லாத இடத்தில் கோபத்திற்கு வேலையில்லை. அக்கோபத்திற்கிடையேயும் அழகர், தவளையாய்க் கிடந்தவரை மறவாமல் தேனூர் மண்டபத்திற்கு எழுந்தருளுகின்றார். வழிநெடுகிலும் மண்டகப்படிதோறும் நிற்கின்றார். வெயிலில் வரும் பெருமானைத் துருத்தி நீரால் குளிர்விக்கின்றனர் அடியார். அவனுக்கு வெம்மை உண்டா என்று அவர்கள் வினவுவதில்லை.

அவர் பூணும் வேடமோ கள்ளர் திருக்கோலம். நம்மாழ்வாரும் திருவாய்மொழியின் பத்தாம் பத்தில் இம்மலைப் பெருமானைக் கள்வன் என்றே பேசுகின்றார். பாட வைப்பவன்போல் வந்து, தம் நெஞ்சையும் உயிரையும் கொள்ளை கொண்டான் என்பது ஆழ்வாரின் முறையீடு. ஆழ்வார் உடலை நீத்து வீடுபெற விரும்புகின்றார்; பெருமானோ அவ்வுடலையே திருமாலிருஞ்சோலை போல் விரும்பி விடாதிருக்கின்றான் என்று வியாக்கியானம் விரிக்கும். ஒன்றை விரும்பாதவன் திருடமாட்டான். எல்லாம் தன்னுடைமையாக இருந்தும், அன்போடு தரும் நெஞ்சுக்காக அவன் காத்திருக்கின்றான். மனிதன் படைக்கப்பட்டதன் பொருள் அக்காத்திருப்பில் அடங்கும்.

ஆண்டாள் இப்பெருமானுக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேர்ந்தாள். பின்னாளில் எம்பெருமானார் அந்நேர்த்தியைத் தாமே செலுத்தினார் என்பது குருபரம்பரைச் செய்தி. பெருமான் பசித்திருந்தான் என்பதனால் அன்று. ஒரு பெண் பிள்ளையின் ஆசை நிறைவேறாது நிற்பது அவன் திருவுள்ளத்திற்கு உகவாது என்பதனால்.

ஆகவே, திருப்பணிக்குப் பொன்னும் பொருளும் ஈந்த அன்பர்கள் ஐயுற வேண்டுவதில்லை. கொடுத்தது சிறிதாயினும் அது திருவுள்ளத்தைச் சென்று சேரும். அவ்வளவில் நில்லாமல், பசித்தவனைக் கண்டால் இரங்கும் நெஞ்சையும் வளர்த்தல் வேண்டும். இறைவன் இரக்கத்தாலன்றோ மனிதனுக்கு உடல் கிடைத்தது? அவ்வுடலில் இரக்கம் குடியேறும் நாளே அதற்குக் குடமுழுக்கு நாள்.

அழகர் திருவடி வாழ்க! அடியார் குழாம் வாழ்க!