உலக அமைதியும் வளரும் நாடுகளின் பங்கும்

புதுக்கோட்டைச் சீமை கண்மாய்களை நம்பி வாழும் நிலம். கண்மாயைச் செப்பனிடும் குடிமராமத்தில் பொருளுடையோர் பொருள் தருவர். அஃது இல்லாதோர் மண்வெட்டியும் கூடையும் ஏந்தி வந்து உழைப்பைத் தருவர். நாடுகளுக்கிடையேயும் இத்தகைய குடிமராமத்து ஒன்று நடைபெற்று வருகிறது. அதுவே ஐக்கிய நாடுகள் சபையின் அமைதி காக்கும் பணி.

இப்பணிக்கான செலவில் பெரும்பங்கு அமெரிக்கா, சீனா, ஜப்பான் போன்ற நாடுகளுக்கு விதிக்கப்பட்டுள்ளது. ஆனால், களத்தில் நிற்கும் வீரரை மிகுதியாக அனுப்புவோர் யாவர்? நேபாளம், வங்காளதேசம், ருவாண்டா, இந்தியா முதலிய வளரும் நாடுகளே. இந்தியா மட்டும் இதுவரை 2,50,000-க்கும் மேற்பட்டோரை அனுப்பியுள்ளது.

காங்கோ நாட்டின் வரலாற்றை நோக்குவோம். 1960 ஜூன் 30-இல் அந்நாடு விடுதலை பெற்றது. சில நாட்களிலேயே படையில் கலகம் மூண்டது. கனிவளம் மிக்க கத்தாங்கா மாநிலம் பிரிந்து நின்றது. சபையின் படை அங்கே விரைந்தது. 1961-இல் இந்தியப் படைப்பிரிவும் சென்றது. அவ்வாண்டு டிசம்பர் 5 அன்று எலிசபெத்வில் நகரில் கத்தாங்காப் படையினர் சாலையை மறித்தனர். கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியா, 16 வீரருடன், ஏறத்தாழ 90 பேரை எதிர்த்துப் பாய்ந்தார். மறியல் சிதறியது, அவர் உயிர் நீத்தார். பரம வீர சக்கர விருது அவருக்குச் சூட்டப்பட்டது. காங்கோவில் இந்தியா இழந்த வீரர் 39 பேர்.

அப்பணியில் தமிழருக்கும் பங்குண்டு. செங்கல்பட்டில் பிறந்து, பின்னாளில் தரைப்படைத் தளபதியான சுந்தர்ஜி 1963-இல் கத்தாங்காவில் பணியாற்றினார். நியூயார்க்கில், பொதுச்செயலாளர் ஊ தாண்டின் அலுவலகத் தலைவராய் விளங்கியவர் சி. வி. நரசிம்மன்.

ஆடவர் மட்டுமா சென்றனர்? 2007-இல் லைபீரியாவுக்கு இந்தியா அனுப்பிய காவற்பிரிவு முழுதும் பெண்களால் ஆனது. சபையின் வரலாற்றில் அத்தகைய பிரிவு அதுவே முதலாவது.

பணத்திற்காகவே எளிய நாடுகள் வீரரை அனுப்புகின்றன என்பாரும் உளர். ஒவ்வொரு வீரருக்கும் நாட்டு வேறுபாடின்றி ஒரே விகிதத்தில் சபை தொகை வழங்குவது உண்மை. அஃது எளிய நாடுகளுக்கு உதவுவதும் உண்மை. எனினும், உயிருக்கு விலை ஏது?

இங்கே ஒரு குறை உண்டு. படை எங்குச் செல்வது, என்ன செய்வது என்பதை முடிவு செய்வது 15 நாடுகள் கொண்ட பாதுகாப்புச் சபை. அவற்றுள் ஐந்திற்கே நிரந்தர இடமும் மறுப்புரிமையும் உண்டு. படை தரும் நாட்டிற்கு, அப்படையைப் பயன்படுத்தும் முடிவிலும் இடம் வேண்டும் என்னும் கருத்தைச் சாசனத்தின் 44-ஆம் விதி கொண்டுள்ளது. நடைமுறையில் கலந்துரையாடல் நிகழ்கிறது. முடிவோ அப்பதினைவரிடமே உள்ளது. மண் சுமந்தவனுக்கு மடை திறப்பதிலும் குரல் வேண்டாமா?

நீலத் தலைக்கவசம் அணிந்த வீரரைப் பற்றிச் செய்தி படிக்கும்போது, அவர் எந்நாட்டவர், அவரை அனுப்ப முடிவு செய்தவர் யாவர் என்னும் இரு வினாக்களையும் எழுப்புங்கள். இவ்விரண்டிற்கும் விடை ஒன்றாகும் நாளில்தான் உலக அமைதி உலகினர் அனைவருக்கும் உரியதாகும்.