கிணறும் குழியும்



பிழைப்பை நாடித் தமிழகத்தை விட்டு வந்த நம்மில் பலர், நெடுங்காலம் வாடகை வீட்டில் வாழ்ந்தபின், கைக்கு எட்டிய விலையில் ஊருக்குப் புறத்தே ஒரு மனை வாங்குகிறோம். பெங்களூரைச் சுற்றிலும், தில்லியின் எல்லைக் கிராமங்களிலும், கொல்கத்தாவுக்கு அப்பாலும் இத்தகைய வீடுகள் எழுந்துகொண்டே இருக்கின்றன. அவற்றுள் பலவற்றுக்கு நகரசபைக் குழாயும் இல்லை. பாதாளச் சாக்கடையும் இல்லை. தண்ணீரை நம் நிலத்தின் அடியிலிருந்து எடுக்கிறோம். கழிவையும் அதே நிலத்துக்குள் விடுகிறோம். இவ்விரண்டும் ஒன்றையொன்று சந்திக்காதபடி காப்பது வீட்டுக்காரரின் பொறுப்பே. இதைப் பற்றியே இன்று சில சொல்ல விரும்புகிறோம்.

எங்கள் அனுபவத்தையே முதலில் கூறுகிறோம். பெங்களூருக்குக் கிழக்கே, 30 அடிக்கு 40 அடி மனை ஒன்றில் நாங்கள் வீடு கட்டினோம். நீரோட்டம் பார்ப்பவர் உள்ளங்கையில் தேங்காயை ஏந்தி நடந்து ஒரு மூலையைக் காட்டினார். அங்கே ஆழ்துளைக் கிணறு இறக்கினோம்; நீரும் கிடைத்தது. வீடு எழும்பிய பின்னர், எஞ்சிய இடத்தில் கழிவுநீர்த் தொட்டியும் உறிஞ்சு குழியும் அமைத்தோம். கிணற்றுக்கும் குழிக்கும் இடையே 25 அடி. மேஸ்திரியும் அதைப் பிழையென்று கருதவில்லை, நாங்களும் கருதவில்லை.

முதல் மழைக்காலத்தில் வீட்டுக் குழந்தைகள் இருவருக்கும் வயிற்றுப்போக்குக் கண்டது. மருந்து கொடுத்தால் நிற்கும். சில நாளில் மீண்டும் வரும். தண்ணீரோ பார்வைக்குப் பளிங்கு; வாடையும் கிடையாது. ஆகவே அதன்மீது எங்களுக்கு ஐயமே எழவில்லை. மருத்துவர் வற்புறுத்தியபின் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினோம். மலக்கிருமிகள் அதில் இருப்பது அப்போதுதான் தெரிந்தது.

காரணம் எளியது. நல்ல மண், கழிவுநீரைச் சல்லடைபோல் வடிகட்டவல்லது. ஆனால் அதற்குத் தொலைவு வேண்டும். குடிநீர்க் கிணற்றுக்கும் உறிஞ்சு குழிக்கும் இடையே 18 மீட்டர், அதாவது ஏறத்தாழ 60 அடியேனும் இருத்தல் வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்துள்ள விதி. பெங்களூர்ப் பகுதியிலோ மண்ணடுக்கின் கீழே பாறை. அங்கே நீர் பாறை வெடிப்புகளின் வழியே ஓடுகிறது. வெடிப்பு எதையும் வடிகட்டுவதில்லை. வங்காளத்தில் தாழ்ந்த நிலங்களில் இடர் வேறு வகையானது. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலேறிக் குழியின் அடியையே தொட்டுவிடும். அத்தகைய இடத்தில் குழியை ஆழமாக வெட்டுவது, கழிவை நேரே நீரில் கலப்பதற்கு ஒப்பாகும்.

விதியை அறிந்ததும் அளவு நாடாவை எடுத்தோம். 30 அடிக்கு 40 அடி மனையில் மூலைக்கு மூலை பிடித்தாலும் 50 அடிதான் வருகிறது! நம் குழியை நம் கிணற்றை விட்டு விலக்கினால், அது அண்டை வீட்டார் கிணற்றை நெருங்குகிறது. இவ்வளவு சிறிய மனையில் தனி ஒரு வீட்டுக்காரர் எவ்வளவு செலவிட்டாலும் அந்த விதியைக் காக்க இயலாது என்ற உண்மை அன்றுதான் எங்களுக்கு விளங்கிற்று.

ஆகவே வரிசையிலிருந்த மற்ற மூன்று வீட்டாரிடமும் சென்றோம். இரு வீட்டார் கன்னடியர். ஒரு வீட்டார் தெலுங்கர். "உங்கள் குழி எங்கள் கிணற்றைக் கெடுக்கிறது" என்று தொடங்கியிருந்தால் பேச்சு வாசலிலேயே முறிந்திருக்கும். "எங்கள் குழி உங்கள் கிணற்றைக் கெடுக்கிறதோ என்று அஞ்சுகிறோம், தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள்" என்று எங்களுக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில் கூறினோம். சோதித்தார்கள். மூன்றில் இரண்டு கிணறுகளில் அதே கிருமி இருந்தது.

பின்னர் நால்வரும் கூடி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். வரிசையின் மேட்டுப் பக்கத்தில் இருந்த தூய கிணறு ஒன்றே நால்வருக்கும் பொதுவாயிற்று. கழிவுநீர்த் தொட்டியும் குழியும் தாழ்ந்த பக்கத்துக்கு, அதாவது எங்கள் மனையின் கடைசி ஓரத்துக்கு வந்தன. அதற்கு அப்பால் தோட்டமே. 100 அடிக்குள் வேறு கிணறு இல்லை. மற்ற வீடுகளின் கழிவுக் குழாய்களை 50 அடிக்கு 1 அடி வீதம் சாய்வு கொடுத்து அங்கே கொணர்ந்தோம். மின்கட்டணப் பங்கையும், பழுது பார்க்கும் செலவையும், குழாய் செல்லும் வழியின் உரிமையையும் முத்திரைத்தாளில் எழுதிக் கொண்டோம். பெரும்பொருள் செலவிட்டு இறக்கிய எங்கள் கிணற்றை மூடியபோது மனம் வருந்தவே செய்தது. ஆயினும் மூடினோம். நீர் அவர்கள் நிலத்தில்; குழி எங்கள் நிலத்தில்.

இனி, வீடு கட்டப் போகிறவர்கள் கருத்தில் கொள்ள வேண்டியவை சில.

வரைபடத்தில் முதலில் குழியின் இடத்தைக் குறியுங்கள். அதன் பிறகே கிணற்றின் இடத்தை முடிவு செய்யுங்கள். அண்டை மனைகளின் கிணறுகளையும் குழிகளையும் அதே தாளில் குறித்துக் கொள்ளுங்கள். கிணற்றின் மேற்குழாய் கெட்டிப் பாறை வரை இறங்கி, அதைச் சுற்றியுள்ள இடைவெளி சிமெண்டால் அடைபட்டிருக்க வேண்டும். இல்லையேல் மேல்மண்ணின் அழுக்குநீர் அவ்வழியே உள்ளே இறங்கும். குழாயின் வாய் தரைக்கு மேலே உயர்ந்து, மூடியுடன் இருப்பது அவசியம். பயன்படாத கிணற்றை மண்ணிட்டு நிரப்பிவிட வேண்டும். திறந்து கிடந்த துளைகளில் குழந்தைகள் விழுந்து மாண்டதை ஒட்டி, 2010-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றமே இதற்கு நெறிமுறைகள் வகுத்தது.

கழிவுநீர்த் தொட்டியில் சேரும் வண்டலை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். அதற்கென உறிஞ்சு லாரிகள் உள்ளன. அவற்றின் குழாய் எட்டும் இடத்தில் தொட்டியின் மூடியை அமையுங்கள். எக்காரணத்தாலும் ஒரு மனிதரை உள்ளே இறக்காதீர்கள். அங்கே தேங்கும் நச்சுவாயு நொடியில் உயிரைக் குடிக்கும். காப்பாற்ற இறங்குபவரையும் விடாது. பாதுகாப்பின்றி இவ்வேலையில் ஆளை ஈடுபடுத்துவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. சட்டம் இல்லாவிடினும், நம் வீட்டுக் கழிவுக்காக மற்றொரு வீட்டின் விளக்கை அணைக்க நமக்கு உரிமை ஏது?

கிணற்று நீரை ஆண்டுக்கு ஒருமுறை, குறிப்பாக மழைக்குப் பின், சோதித்தறிவது நலம். கொதிக்க வைத்தால் கிருமி மடியும். கோலார்ப் பக்கத்தில் காணப்படும் ஃபுளோரைடோ, வங்காளத்தின் நதியா, முர்ஷிதாபாத் மாவட்டங்களில் காணப்படும் ஆர்சனிக்கோ கொதிப்பதால் நீங்குவதில்லை. அவற்றுக்குத் தனிச் சோதனையும் தனி வடிகட்டியும் தேவை.

வேற்றூரில் வீடு கட்டும்போது, "நம் மனை, நம் கிணறு, நம் மதில்" என்று ஒதுங்கி வாழ்வதே பாதுகாப்பு என நாம் எண்ணுவது இயல்பு. மதில் தரைக்கு மேலேதான் நிற்கிறது. தரைக்குக் கீழே நீர் எவர் மொழியையும் கேட்டு ஓடுவதில்லை. இன்று எங்கள் குழந்தைகள் அந்தக் கன்னட வீட்டுக் கிணற்று நீரைக் குடித்து நலமாக இருக்கிறார்கள். கடைக்கால் தோண்டும் முன்னரே அண்டை வீட்டு வாசலுக்குச் சென்றிருந்தால், ஒரு மழைக்கால நோயும் ஒரு கிணற்றின் செலவும் எங்களுக்கு மிஞ்சியிருக்கும். நீங்களேனும் முன்னரே செல்லுங்கள்.