மனோராவில் நெப்போலியனுக்கு என்ன வேலை?



தலைவர் என்னை வரலாற்று ஆய்வாளர் என்று அறிமுகப்படுத்தினார். அவ்வளவு பெரிய ஆள் இல்லை ஐயா. எழுத்து வெட்டிய கல்லைக் கண்டால் பஸ்ஸைத் தவறவிட்டு நிற்கிற ஆள், அவ்வளவுதான். பட்டுக்கோட்டைக்காரர்களிடம் வந்து மல்லிப்பட்டினக் கரையில் நிற்கிற மனோராவைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை என்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும் விற்றுப் பார்க்கிறேன்.

சின்ன வயதில் எங்கள் அப்பாயி சொன்ன கதை இது. மனோராணி என்று ஒரு ராணி இருந்தாளாம். கடலுக்குள் போன ராசா திரும்பி வருகிறாரா என்று தினமும் மாடியேறிப் பார்ப்பாளாம். ஒரு மாடியிலிருந்து தெரியவில்லை என்று இன்னொரு மாடி கட்டினாளாம். அப்படியே எட்டு மாடி ஆகிவிட்டதாம். அந்தக் கதையை நம்பிக்கொண்டுதான் பள்ளிச் சுற்றுலாவில் மனோராவுக்குப் போனேன். அகழியைத் தாண்டி உள்ளே போனால், அங்கே கல்லில் ராணியைக் காணோம். யாரைப் பார்த்தேன் தெரியுமா? நெப்போலியன் போனபார்ட்டை!

சிரிக்காதீர்கள், போய்ப் பாருங்கள். ஆங்கிலேயரின் நண்பரான சரபோஜி மகாராஜா, ஆங்கிலப் படைகளின் வெற்றியையும் போனபார்ட்டின் வீழ்ச்சியையும் நினைவுகூர இதை எழுப்பினார் என்கிறது கல்வெட்டு. மனோரா என்ற பெயரும் ராணியின் பெயரில்லை. 'மினார்' என்றால் கோபுரம். அது மராத்தியர் வாயிலும் நம் வாயிலும் புகுந்து மனோரா ஆகிவிட்டது. பக்கத்து ஊர் சரபேந்திரராசன்பட்டினம். அந்தச் சரபேந்திரர்தான் இந்தச் சரபோஜி, தஞ்சாவூரின் மராத்திய ராஜா.

பிரான்சு எங்கே, மல்லிப்பட்டினம் எங்கே? வலை காய்கிற கரையில், ஆறு பட்டையாக, மேலே போகப் போகச் சிறுத்துக்கொண்டு, சுமார் 75 அடி உயரத்துக்கு ஒரு வெற்றித் தூண். அதைக் கட்டியவரோ அந்தப் போரில் ஒரு துப்பாக்கியைக்கூடத் தொடாதவர்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. வாட்டர்லூ வெற்றிக்காகக் கட்டியது என்றுதான் பலர் சொல்கிறார்கள். மேடையில் நானே பல தடவை அப்படிச் சொல்லியிருக்கிறேன். பிறகு ஒருநாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். கல்லில் இருக்கிற ஆண்டு 1814. வாட்டர்லூ நடந்ததோ 1815 ஜூன் 18. அப்படியானால் இது எந்த வெற்றி? 1814 ஏப்ரலில் நெப்போலியன் முடி துறந்தார், எல்பா என்ற தீவுக்கு அனுப்பினார்கள். கதை முடிந்தது என்று ஊரெல்லாம் கொண்டாட்டம். அந்தச் செய்தி கப்பலேறி ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு தஞ்சாவூருக்கு வரவே பல மாதம் ஆகும். இங்கே கொத்தனார் சுண்ணாம்பு குழைத்துக்கொண்டிருந்த வேளையில், அங்கே அந்த மனிதர் தீவிலிருந்து தப்பிப் பாரிசுக்கே திரும்பியிருக்கலாம். 1815 மார்ச்சில் மறுபடியும் அவர்தான் பேரரசர். நூறு நாள் ஆட்டம் ஆடிவிட்டுத்தான் வாட்டர்லூவில் விழுந்தார். கல்லில் வெட்டிய 1814 மட்டும் அப்படியே இருக்கிறது. அவசரப்பட்டுக் கல்யாணப் பத்திரிகை அடித்தவர்களுக்கு அந்த மகாராஜாவின் கஷ்டம் புரியும்.

இதை வைத்துச் சரபோஜியை வெள்ளைக்காரனுக்குத் துதி பாடியவர் என்று ஒரே வரியில் தள்ளிவிடலாம். கைதட்டலும் கிடைக்கும். எனக்கு அதில் சம்மதமில்லை.

அவர் நிலைமையைக் கொஞ்சம் பாருங்கள். தஞ்சை ராஜா துளஜாவின் தத்துப்பிள்ளை. சித்தப்பா அமர்சிங்கோடு வாரிசுச் சண்டை. சுவார்ட்சு பாதிரியார் எடுத்து வளர்க்காத குறையாகப் பாதுகாத்துப் படிக்க வைத்தார். 1798-இல் கிழக்கிந்தியக் கும்பினியார் அவரை அரியணையில் உட்கார வைத்தார்கள். மறு ஆண்டே, 1799-இல், ஒப்பந்தம் போட்டு நாட்டை வாங்கிக்கொண்டார்கள். மிஞ்சியது கோட்டையும் அரண்மனையும், வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கும். இருபத்திரண்டு வயதில் படை இல்லை, வரி இல்லை, போர் இல்லை. ராஜா என்ற பெயர் மட்டும் இருக்கிறது. அந்த ஆள் என்ன செய்வார்?

புத்தகம் சேர்த்தார், சரஸ்வதி மகால் பெருகியது. தேவநாகரி எழுத்தில் அச்சுக்கூடம் வைத்தார். கண் நோயாளிகளின் கண்ணை வண்ணத்தில் வரைந்து, பக்கத்திலேயே சிகிச்சையையும் குறித்து வைக்கச் செய்தார். அந்த ஏடுகள் இன்றும் இருக்கின்றன. தஞ்சாவூரிலிருந்து வரும்போது ஒரத்தநாட்டில் பஸ் நிற்குமே, அங்கே இருக்கிற முக்தாம்பாள் சத்திரமும் அவர் கட்டியதுதான்.

ஆனால் நான் சொல்ல வந்த இடம் வேறு. தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போனால் எல்லோரும் விமானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம். அடுத்த தடவை தென்மேற்கு மூலைப் பக்கம் போய்ச் சுவரைப் பாருங்கள். மராத்தி மொழியில் ஒரு பெரிய கல்வெட்டு, பத்தி பத்தியாக ஓடும். 1803-இல் இதே சரபோஜி வெட்டியது. அவருடைய போன்சலே வம்சத்தின் வரலாறு முழுக்க அதில் இருக்கிறது. நாடு கைவிட்டுப் போய் நான்கு வருஷம்தான் ஆகியிருக்கிறது. மனிதர் ராஜராஜன் கட்டிய கோயிலில் போய், நாங்கள் யார் தெரியுமா என்று எழுதிவைக்கிறார்.

பதினோரு வருஷம் கழித்துக் கடலோரத்தில் இன்னொரு கல். அங்கே அவர் ஆங்கிலேயரின் நண்பர். ஒரே ஆள், இரண்டு கல். சாமி பார்க்கிற இடத்தில் ஒன்று, கும்பினிக் கப்பல் பார்க்கிற இடத்தில் ஒன்று! ஒன்றை மட்டும் படித்துவிட்டு வந்தவரோடு என்னால் சரபோஜியைப் பற்றிச் சண்டை போட முடியாது. இரண்டையும் படித்தவர் வந்தால் ராத்திரி முழுக்கப் பேசலாம். டீ என் செலவு.

மனோராக் கல்லுக்கு நூறு வருஷம் கழித்து ஐரோப்பாவில் இன்னொரு சண்டை, முதல் உலகப் போர். அதுவும் நம் கரைக்கு வந்தது. 1914 செப்டம்பர் 22 ராத்திரி, எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று குண்டு வீசியது. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் தீப்பிடித்தன. பட்டணத்து ஜனம் மூட்டை கட்டிக்கொண்டு ஊரைவிட்டு ஓடியது. நவம்பரில் கோகோஸ் தீவருகே அந்தக் கப்பலின் கதை முடிந்துவிட்டது. நம் ஊரில் முடியவில்லை. 'அவன் சரியான எம்டன்யா' என்று திண்ணையில் உட்கார்ந்து சொல்கிற தாத்தா கப்பலைப் பார்த்தவரில்லை. அது கப்பல் என்பதே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். அந்தச் சண்டைக்கு நாம் மினாரா கட்டினோம்? ஒரு வசவைக் கட்டினோம். பாதி வசவு, பாதி பாராட்டு.

போன மாசம் மல்லிப்பட்டினத்தில் ஒரு படகுக்காரரிடம் கேட்டேன், "மனோராவை யார் கட்டினது அண்ணே?" என்று. வலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "யாரோ ராசா. கடல்லேருந்து வர்றப்ப அது தெரிஞ்சா கரை வந்துருச்சுன்னு அர்த்தம்" என்றார். நான் நெப்போலியன் கதையைச் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "அப்ப அந்த ராணி?" என்றார். அவர் வீட்டிலும் ஓர் அப்பாயி இருந்திருக்கிறாள்.

பிறகு அவர் சொன்ன ராணிக் கதையை நான் எழுதி வைத்திருக்கிறேன். அதில் மாடி ஏழுதான். எட்டாவது மாடி எங்கள் அப்பாயி கட்டியதோ என்னவோ. உங்கள் வீடுகளில் எத்தனை மாடி என்று எனக்குத் தெரிய வேண்டும். நான் உட்கார்ந்துகொள்கிறேன். மைக்கை அந்த மூன்றாவது வரிசை ஆச்சியிடம் கொடுங்கள். நான் ராணி என்றதிலிருந்து அவர் தலையை ஆட்டி மறுத்துக்கொண்டே இருக்கிறார்.