முதலில் மீற்றர், பிறகு சாமான்

(தோட்ட இளைஞர்களுக்கான தொழிற் பயிற்சிக் கூட்டமொன்றில் எமது பயிற்சிக் குழு நிகழ்த்திய பேச்சு)



உங்களில் சிலர் கொழும்பிலும் கண்டியிலும் கராஜ்களில் வேலை பழகுகிறீர்கள். சிலர் வேன் ஓட்டுகிறீர்கள். பிரேக் பூட்டவும் கியர்பெட்டி இறக்கவும் நாம் உங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் "கரண்ட் வேலை" என்றதும் கை பின்னுக்குப் போகிறது. அந்தப் பயம் எவ்வளவு காசைத் தின்கிறது என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறோம்.

எமக்குத் தெரிந்த தோட்டத்தில் ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர் தமது சேமலாப நிதிப் பணத்தைப் போட்டு மகனுக்கு ஒரு பழைய வேன் வாங்கிக் கொடுத்தார். பள்ளிப் பிள்ளைகளையும், இரவில் அவசரமென்றால் ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளையும் ஏற்றிப்போகும் வேன். பகலில் ஒரு குறையும் இல்லை. இரவில், அதுவும் மழையில், மேட்டில் ஏறும்போது லைற் மங்கும், என்ஜின் எச்சரிக்கை விளக்கு எரியும், சில நேரம் நின்றே போகும். ஒரு பாஸ் "பற்றரி போச்சு" என்றார், மாற்றினார்கள். இன்னொருவர் ஓல்டர்னேற்றர் என்றார், அதையும் மாற்றினார்கள். மூன்றாமவர் கம்பியூட்டர் பெட்டியையே மாற்றச் சொன்னார். அதற்குக் கையில் காசில்லாதபடியால்தான் வேன் எம்மிடம் வந்தது.

ஸ்கேனர் மெசினைக் கொழுவிப் பார்த்தோம். பி 0562 என்று காட்டியது. மின்னழுத்தம் குறைவு என்பதே அதன் பொருள். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். ஸ்கேனர் சொல்வது நோயின் அறிகுறியை. எந்தச் சாமான் பழுது என்று அது சொல்வதில்லை. காய்ச்சல் என்று தெரிந்தவுடன் எந்த டாக்டரும் கத்தியை எடுப்பாரா?

எனவே என்ஜினை ஓடவிட்டு, லைற், வைப்பர், உள் காற்றாடி எல்லாவற்றையும் போட்டோம். பற்றரியின் இரண்டு முனையிலும் மீற்றரை வைத்தால் 14.2 வோல்ட். நல்ல கணக்கு. புதுப் பற்றரியும் புது ஓல்டர்னேற்றரும் ஒழுங்காகவே வேலை செய்தன. அடுத்து மீற்றரின் ஒரு கம்பியைப் பற்றரியின் மைனஸ் முனையிலும், மற்றதை வேனின் பொடியில் பெயின்ற் இல்லாத இரும்பிலும் வைத்தோம். 0.2 வோல்டுக்கு மேல் இருக்கக் கூடாத இடத்தில் 3 வோல்ட்! கம்பியூட்டர் பெட்டி தன் ஏர்த்தைப் பொடியிலிருந்து எடுக்கிறபடியால் அதற்குக் கிடைத்தது 11 வோல்ட்தான்.

கரண்ட் போனால் போதாது, திரும்பி வரவும் வேண்டும். அந்தத் திரும்பும் பாதைதான் ஏர்த். முன்பு எப்போதோ டிங்கரிங் வேலை செய்தவர்கள் ஏர்த் வயர் பூட்டும் இடத்தையும் சேர்த்துப் பெயின்ற் அடித்திருந்தார்கள். எமது மலைநாட்டு ஈரத்தில் மிச்சம் துருப்பிடித்திருந்தது. போல்ட்டைக் கழற்றி, அரத்தாள் போட்டு இரும்பு பளபளக்கத் தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் பூசினோம். செலவு ஒரு துண்டு அரத்தாள். முன்பு மாற்றிய இரண்டு சாமானின் காசு திரும்பி வரவில்லை. அதை நினைத்தால் எமக்கு இன்றைக்கும் மனம் ஆறவில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். இந்தச் சோதனையை லைற்றுகளை அணைத்துவிட்டுச் செய்தால் ஒன்றும் பிடிபடாது. ஓம் அளவில் வைத்துப் பார்த்தாலும் நல்லது என்றே காட்டும். பத்து இழை அறுந்து ஓர் இழை மிஞ்சிய வயர்கூட ஓம் அளவில் பாஸாகிவிடும். சுமை தூக்கும்போதுதான் அதன் குட்டு வெளிப்படும். கொழுந்துக் கூடையின் அடி வெறுங்கூடையிலா பிய்ந்துபோகும்?

காலையில் ஸ்டார்ட் ஆகாத வாகனம் இன்னொரு தலையிடி. ஓய்ந்திருக்கும் நல்ல பற்றரி 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. ஸ்டார்ட் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் முதலில் பற்றரியைச் சந்தேகியுங்கள். சார்ஜ் பண்ணிவைத்த பற்றரி மீண்டும் இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது. மைனஸ் வயரைக் கழற்றி இடையில் மீற்றரை 10 ஆம்பியர் துளையில் கொழுவுங்கள். அந்த நிலையில் மறந்தும் ஸ்டார்ட் அடிக்க வேண்டாம், மீற்றர் போய்விடும். இன்றைய வாகனங்களின் பெட்டிகள் தூங்குவதற்கு அரை மணி நேரமாவது ஆகும். கதவைப் பூட்டிவிட்டுப் பொறுமையாக இருங்கள். அதன் பிறகு 0.05 ஆம்பியருக்குள் இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. அரை ஆம்பியர் கசிந்தால், 45 ஆம்பியர்-மணி பற்றரி நான்கு நாளைக்குள் முழுதாகக் காலி. எமது அனுபவத்தில் கள்ளன் பெரும்பாலும் பின்னால் பூட்டிய ரேடியோ அல்லது அலாரம்தான்.

பியூஸ் எரிந்தால் அதே ஆம்பியர் பியூஸையே போடுங்கள். வெள்ளித்தாள் சுற்றும் பழக்கம் வேண்டாம். வேன் தீப்பிடித்தால் உள்ளே இருப்பது எமது பிள்ளைகள்.

எயார்பேக்கின் மஞ்சள் கொனெக்டரில் மீற்றரையோ டெஸ்ட் லாம்பையோ வைக்காதீர்கள். ஹைபிரிட் கார்களில் செம்மஞ்சள் நிற வயரைத் தொடவே வேண்டாம். அகுவா போன்ற சிறிய காரின் பெரிய பற்றரியே 144 வோல்ட். அதற்கென்று படித்து, உரிய கையுறையும் கருவிகளும் வைத்திருப்பவர்களின் வேலை அது. மாஸ்டர் அவசரப்படுத்தினாலும் "எனக்குப் பழக்கமில்லை ஐயா" என்று சொல்ல வெட்கப்படாதீர்கள்.

பேச்சு போதும் என்று நினைக்கிறோம். வெளியே ஒரு வேன் நிற்கிறது, ஏர்த் வயர் ஒன்றை நாமே தளர்த்தி வைத்திருக்கிறோம். எது என்று சொல்லமாட்டோம். நான்கு பேருக்கு ஒரு மீற்றராக எடுத்துக்கொண்டு வாருங்கள். தங்கைமாரும் வாருங்கள், பார்த்துக்கொண்டு மட்டும் நிற்கக் கூடாது.