துப்பாக்கிக்குப் பிடித்த தோட்டா

சித்தூரிலிருந்து வரும் சாலை திருப்பதிக்கும் கர்னூலுக்கும் பிரிகிற இடம் புத்தலப்பட்டு. பக்கத்தில்தான் காணிப்பாக்கம். பிள்ளையார் சதுர்த்தியை ஒட்டி அங்கே பிரம்மோற்சவம் நடக்கும்போது, கடைத்தெருவில் பலூன் சுடும் கடையைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சள் பலூனைக் குறிவைத்தால் பக்கத்துச் சிவப்பு பலூன் வெடிக்கும். "குழாயை வளைத்து வைத்திருக்கிறான்" என்று கடைக்காரரைத் திட்டிவிட்டு நகர்வோம். குழாய் நேராகவே இருந்தாலும், குண்டு அதற்குப் பொருந்தாவிட்டால் குறி தப்பும் என்பது நமக்குத் தோன்றுவதில்லை.

ரைஃபிள் துப்பாக்கிக் குழாயின் உள்பக்கம் வழவழப்பாக இருக்காது. சுருள் சுருளாகப் பள்ளங்கள் ஓடும். குண்டு அவற்றைக் கவ்விக்கொண்டு பம்பரம்போலச் சுழன்றபடி வெளியேறும். அந்தச் சுழற்சிதான் அதை நேராகக் கொண்டுபோகிறது. குண்டு தளர்வாக இருந்தால் பிடிப்பு இல்லை. இறுக்கமாக இருந்தால் ஈயம் நசுங்கி வடிவம் மாறுகிறது. அதனால்தான் 10 மீட்டர் ஏர் ரைஃபிளுக்கான 4.5 மில்லிமீட்டர் குண்டுகளை 4.49, 4.50, 4.51 என்று நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் பிரித்து விற்கிறார்கள். அந்தப் போட்டியில் பத்துக்கான புள்ளியின் அகலமே அரை மில்லிமீட்டர்தான்.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இந்தப் போட்டியில்தான் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றார். அதே போட்டியின் தகுதிச் சுற்றில் பிந்த்ரா 596 புள்ளி. சென்னையில் பிறந்த ககன் நாரங் 595. அந்த 595-ஐ எடுத்த மற்றவர்களோடு ஒப்பிட்டதில் நாரங்குக்கு இறுதிச் சுற்று கிடைக்கவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து லண்டனில் வெண்கலம் வாங்கினார். ஒரு புள்ளி இவ்வளவு பேசும் விளையாட்டில், குண்டு டப்பாவை யாராவது கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்களா?

50 மீட்டர் ரைஃபிளுக்கு வருவோம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற பிரிவு இது. இதற்கான தோட்டாவைப் பாயின்ட் டூ டூ என்பார்கள். குண்டின் எடை சுமார் 2.6 கிராம். வேகமாகப் பாயும் தோட்டாதான் நல்ல தோட்டா என்று நினைப்போம். போட்டியாளர்கள் தேடுவதோ ஒலியைவிடச் சற்று மெதுவாக, நொடிக்கு 320, 330 மீட்டர் வேகத்தில் போவதை. ஒலியை முந்திக் கிளம்பும் குண்டு, வழியில் வேகம் குறைந்து ஒலியின் வேகத்தைக் கடக்கும்போது தடுமாறும்.

எவ்வளவு வேகம் என்பதைவிட, ஒவ்வொரு தோட்டாவும் ஒரே வேகத்தில் போகிறதா என்பதே முக்கியம். ஒரு தோட்டா நொடிக்குப் பத்து மீட்டர் மெதுவாகப் போனால், 50 மீட்டர் தூரத்தில் குண்டு ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் கீழே இறங்கிவிடும். பத்து வளையத்தின் முழு அகலமே 10.4 மில்லிமீட்டர்!

அப்படியானால் விலை அதிகமான தோட்டாவை வாங்கினால் போதுமா? தாமலசெருவு மாங்காய் மண்டியில் பழகியவரைக் கேளுங்கள். பெங்களூரா என்ற பெயரை மட்டும் நம்பி அவர் விலை பேசமாட்டார். எந்தத் தோப்பு, எந்தப் பறிப்பு என்று கேட்பார். தோட்டாவும் அப்படித்தான். ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஒரே விலை. ஆனாலும் ஒரு லாட், அதாவது ஒரே தடவையில் தயாரான தொகுதி, இன்னொரு லாட் போல இருக்காது. ஒரு துப்பாக்கியில் அருமையாகப் போகும் லாட், அதே மாடல் இன்னொரு துப்பாக்கியில் சிதறும். இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஈலி, ஜெர்மனியின் ஷோனபெக்கில் லபுவா போன்ற நிறுவனங்கள் இதற்கென்றே சோதனைக்கூடம் வைத்திருக்கின்றன. வீரர் தன் துப்பாக்கியைக் கொண்டுபோவார். அதைப் பிடியில் இறுக்கிப் பூட்டி, லாட் லாட்டாகச் சுட்டுப் பார்ப்பார்கள். நெருக்கமாக விழுந்த லாட்டில் ஆயிரக்கணக்கான தோட்டாக்களை ஒரே தடவையில் வாங்கிவிடுவார்.

உரிமம் பெற்ற கிளப்பில் பழகும் இளைஞர்கள் அவ்வளவு தூரம் போகவேண்டாம். பயிற்சியாளர் முன்னிலையில், மணல் மூட்டையில் துப்பாக்கியைச் சாய்த்து, காற்று அடங்கிய நேரத்தில், ஒவ்வொரு வகையிலும் ஐந்தைந்தாகப் பல தடவை சுடுங்கள். வகை மாறும்போது முதல் சில குண்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பழைய தோட்டாவின் மெழுகு குழாயிலிருந்து போகவேண்டும். நடுப்புள்ளியில் பட்டதா என்று பார்க்காதீர்கள். என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு நான் சொல்ல வருவது புரியும்: குரூப்பிங்! ஐந்தும் ஓர் ஓரமாக, ஆனால் நெருக்கமாக விழுந்தால் பார்வைத் திருகைத் திருப்பிச் சரிசெய்துவிடலாம். சிதறலைச் சரிசெய்ய எந்தத் திருகும் இல்லை. பொருந்திய டப்பாவின் லாட் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிட உட்காராதீர்கள்.

அடுத்த தடவை காணிப்பாக்கம் போனால், முதல் இரண்டு குண்டையும் பலூன் மேல் சுடாதீர்கள். பின்னால் இருக்கும் பலகையில் ஒரே புள்ளியைப் பார்த்துச் சுடுங்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் பட்டால், எவ்வளவு தள்ளிப் படுகிறதோ அவ்வளவு எதிர்ப்பக்கம் தள்ளிக் குறிவையுங்கள், பலூன் உங்களுடையது. இரண்டும் ஆளுக்கொரு பக்கம் போனால், மிச்சக் காசுக்குப் பொரி வாங்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புங்கள்.