கிணற்றடி வாழையின் கீழே

வன்னியிற் சோளகம் வீசத் தொடங்கினால் ஈரம் தங்கும் இடங்கள் அரிது. கிணற்றடி வாழைப்பாத்தி அவற்றுள் ஒன்று. பொற்றலைக் கையாந்தகரைக்கு உகந்த இடமும் அதுவே. சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த இப்பூண்டு, வெண்பூக் கையாந்தகரையைப் போல விரைவில் மடிவதன்று. தரையோடு படர்ந்து, கணுதோறும் வேர்விட்டுப் பல்லாண்டு வாழ்வது. அரைநிழல் அதற்கு ஒரு குறையன்று.

மாரி தொடங்கும் ஐப்பசியில், நான்கு கணுக்கள் கொண்ட தண்டுகளை நறுக்கி, இரண்டு கணுக்கள் மண்ணுள் அமையுமாறு ஒரு சாண் இடைவெளியில் நடலாம். மக்கிய எருவே போதும். சவர்க்கார நீர் பாயும் பக்கம் மட்டும் வேண்டாம், உண்ணும் கீரையல்லவா! வேரோடு பிடுங்காது நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் தழைக்கும்.

தண்டு பெறும்போதுதான் தவறு நேர்கிறது. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொணரப்பட்டுப் பரவிய வேறொரு படர்பூண்டும் இதே மஞ்சட்பூவைக் காட்டும். உலகின் மிகத் தீய ஆக்கிரமிப்பு உயிரினங்கள் நூறினை வகுத்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட பட்டியலில் அதுவும் உண்டு. அதன் இலை பெரும்பாலும் மூன்று மடலாகப் பிளவுபட்டுப் பளபளக்கும். பொற்றலையின் இலையோ ஒடுங்கி நீண்டது, சொரசொரப்பானது, மடலற்றது. ஆகவே அயலாரிடம் தண்டு வாங்குவோர் பூவைப் பாராது இலையைப் பார்த்தல் வேண்டும். ஐயமிருப்பின் நடாது விடுவதே நன்று. மற்றது ஒருமுறை பாத்தியிற் புகுந்துவிட்டால், கீரையை மூடி, வாய்க்கால் வழியே அடுத்த வளவுக்கும் சென்றுவிடும்.